யாழ்ப்பாணக் கரையோரம் ஒருநாள் சைக்கிள் பயணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ் நகரில் காலையில் புறப்பட்டு, கடலோரமாகச் சுற்றி, அன்று பின்னேரமே வீடு திரும்பும் பயணம் பற்றியது இது. பந்தயக்காரருக்காக எழுதப்படவில்லை. சந்தைக்கும் வேலைக்கும் சைக்கிளில் போய்ப் பழகியவர்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் நீளமாக ஓடிப் பார்க்கலாமே என்று நினைக்கும்போது கேட்பவற்றுக்கான பதில்கள்.

அதிகம் களைக்காமல் கடலும் தீவும் பார்க்க எந்த வழி நல்லது?

என் விருப்பம் தீவகச் சுற்று. நகரிலிருந்து பண்ணைப் பாலம், அல்லைப்பிட்டி, மண்கும்பான், வேலணை வழியாக ஊர்காவற்றுறை. அங்கே கடல் கடந்து காரைநகர், கசூரினா கடற்கரை, பொன்னாலைப் பாலம், பிறகு சங்கானையோ வட்டுக்கோட்டையோ தொட்டு நகரம். ஊர்காவற்றுறை வரை ஏறத்தாழ 20 கிலோமீட்டர். காரைநகருக்குள் கசூரினா போய்ப் பொன்னாலை வந்து சேர 15 கிலோமீட்டர் அளவில் ஆகும். அங்கிருந்து நகரத்துக்கு இன்னொரு 20. மொத்தம் 55 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சாதாரணச் சைக்கிளில் அவசரமில்லாமல் மிதித்தால் மணிக்கு 12 முதல் 15 கிலோமீட்டர் போகலாம். ஆகவே மிதிப்பது நாலு, நாலரை மணி நேரம்தான். குளிப்பு, சாப்பாடு, கோயில், வேடிக்கை, நடுப்பகல் ஓய்வு எல்லாம் சேர்த்தால் பன்னிரண்டு மணி நேரம். தினமும் பத்து கிலோமீட்டர் ஓடிப் பழகியவருக்கு இது தாங்கும். பல வருடங்களாகச் சைக்கிளைத் தொடாதவர் முதலில் ஒரு காலையில் மண்கும்பான் வரை போய்த் திரும்பிப் பார்க்கட்டும். மறுநாள் முழங்கால் என்ன சொல்கிறது என்று கேட்டுவிட்டு மிச்சத்தை யோசிக்கலாம்.

யாழ்ப்பாணத்தில் மேடே இல்லையே. இதில் திட்டமிட என்ன இருக்கிறது?

காற்று இருக்கிறது. குடாநாடு சுண்ணாம்புக்கல்லின் மேல் தட்டையாகக் கிடக்கும் நிலம். மலைநாட்டுக்காரர் ஏற்றத்தில் படும் பாட்டை நாம் எதிர்க்காற்றில் படுகிறோம். ஏற்றமாவது கண்ணுக்குத் தெரியும், முடிந்ததும் இறக்கம் வரும். எதிர்க்காற்றில் இறக்கம் கிடையாது. பண்ணைப் பாலத்தில் இரண்டு பக்கமும் கடல்; ஒரு மரம், ஒரு மதில் மறைப்புக்கு இல்லை. பொன்னாலைப் பாலமும், அராலிப் பக்கமாக நகரம் திரும்பினால் வரும் கல்லுண்டாய் வெளியும் அப்படியே. இந்த மூன்று வெட்டவெளிகளையும் எந்த நேரத்தில், எந்தத் திசையில் கடக்கிறீர்கள் என்பதில்தான் பயணத்தின் சுகமும் துன்பமும் இருக்கின்றன. தூரக் கணக்கை மட்டும் பார்த்துப் புறப்படுகிறவர்கள்தான் வேலணையில் உட்கார்ந்து ஆட்டோ தேடுகிறார்கள்.

அப்படியானால் எந்தப் பக்கமாகச் சுற்ற வேண்டும்?

பருவத்தைப் பொறுத்தது. வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை தென்மேற்கிலிருந்து சோளகம் வீசும். கார்த்திகை, மார்கழி, தை மாதங்களில் வடகிழக்கிலிருந்து வாடை. ஊர்காவற்றுறையும் காரைநகரும் நகருக்கு மேற்கே, சற்று வடக்குச் சாய்ந்து கிடக்கின்றன. வரைபடத்தை எடுத்து இரண்டு காற்றையும் அம்புக்குறியாகப் போட்டுப் பாருங்கள், விடை தானாக வரும்.

சோளக காலத்தில் முதலில் காரைநகர். காலையில் மானிப்பாய், சண்டிலிப்பாய், சங்கானை வழியாகப் போனால் வீடுகளும் மதில்களும் பனைகளும் காற்றை மறைக்கும், எஞ்சுவது பக்கக்காற்றுத்தான். காரைநகரிலிருந்து ஊர்காவற்றுறைக்குக் கடந்து, பிற்பகலில் வேலணை, பண்ணை வழியாகக் கிழக்கே திரும்பும்போது சோளகம் வலப்புறப் பின்பக்கத்திலிருந்து தள்ளும். களைத்த கால்களுக்கு அதைவிடப் பெரிய உதவி இல்லை.

வாடை காலத்தில் இதைத் தலைகீழாக்குங்கள். காலையில் பண்ணை. காற்று பின்னிருந்து உதவ ஊர்காவற்றுறை சேரலாம். திரும்பும்போது பொன்னாலையிலிருந்து நகரம் வரை பக்கக்காற்று. அதையும் சங்கானை வீதியின் வீடுகள் உடைத்துவிடும். வாடை நாளில் கல்லுண்டாய் வெளிப் பக்கம் தலைவைக்காதீர்கள்.

இன்னொரு இலாபமும் உண்டு. எந்தப் பக்கமாகச் சுற்றினாலும் காலையில் மேற்கு நோக்கியும் பிற்பகலில் கிழக்கு நோக்கியும் ஓடுகிறீர்கள். வெயில் இரண்டு வேளையும் முதுகில்தான் விழும், கண்ணைக் கூசாது.

எந்த மாதம் சிறந்தது?

தை பிற்பகுதியிலிருந்து பங்குனி நடுப்பகுதி வரை. மழை ஓய்ந்திருக்கும், வாடை தணியத் தொடங்கியிருக்கும், வெயில் இன்னும் சுடத் தொடங்கியிராது. பண்ணையிலும் மண்டைதீவுப் பக்கத்திலும் ஆழமில்லாத கடலில் வலசை வந்த பறவைகள் நிற்கும் காலமும் இதுதான். அதிர்ஷ்டம் இருந்தால் பூநாரைக் கூட்டம் கிடைக்கும். சித்திரையில் காற்று குறைவு, ஆனால் வெயில் கொல்லும். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலம். வெள்ளம் நிற்கும் வீதியில் எது குழி எது தார் என்று தெரியாது.

தைப்பொங்கலை ஒட்டிய நாட்களில் ஒரு கவனம். வல்வெட்டித்துறையில் பட்டத் திருவிழா நடப்பதே வாடையை நம்பித்தான். பட்டத்துக்கு நல்ல காற்று சைக்கிளுக்குக் கெட்ட காற்று. அறுந்து வீதிக்குக் குறுக்கே கிடக்கும் பட்ட நூல் கழுத்தில் படும் ஆபத்தும் உண்டு. வேகத்தைக் குறையுங்கள்.

ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையில் சைக்கிளோடு எப்படிக் கடப்பது?

பாதை என்று ஊரில் சொல்லும் மிதவைப் படகு ஓடுகிறது. ஆட்களோடு சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் ஏற்றுவார்கள். கடல் அந்த இடத்தில் ஒடுங்கியது, ஏறிச் சிறிது நேரத்தில் மறுகரை. தண்ணீருக்குள் தனியாக நிற்பது போர்த்துக்கேயர் கட்டி ஒல்லாந்தர் திருத்திய கடற்கோட்டை. அது இப்போது கடற்படையின் பொறுப்பில் இருக்கிறது.

ஆனால் முழுச் சுற்றும் இந்த ஒரு படகை நம்பியே இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். பழுது பார்க்க நிறுத்தியிருக்கலாம், கடல் கொந்தளித்தால் நிறுத்தலாம், இரவில் இல்லை. முதல் நாளே ஊர்காவற்றுறையிலோ காரைநகரிலோ தெரிந்த ஒருவரிடம் தொலைபேசியில் கேளுங்கள். தெரிந்தவர் இல்லை என்று யாழ்ப்பாணத்தில் யாரும் சொல்ல முடியாது. மாமியின் பக்கத்திலாவது ஒரு காரைநகரார் இருப்பார்.

ஊர்காவற்றுறையில் வந்து நின்றபிறகு பாதை ஓடவில்லை என்று தெரிந்தால் வந்த வழியே திரும்புவதைத் தவிர வேறு தரைவழி இல்லை. மொத்தம் 40 கிலோமீட்டர். அதுவும் மோசமான நாள் அல்ல. போகும் வழியிலோ திரும்பும்போதோ சாட்டிக் கடற்கரைக்கு ஒதுங்கிவிட்டு வரலாம்.

பாதை ஓடாத நாளில் வேறு சுற்று இருக்கிறதா?

இருக்கிறது, கடலும் கிடைக்கும். நகரிலிருந்து காங்கேசன்துறை வீதியால் போய்க் கீரிமலை. கேணியில் ஒரு முழுக்கு, நகுலேச்சரத்தில் ஒரு கும்பிடு. பிறகு மேற்கே திரும்பிச் சம்பில்துறை, மாதகல், திருவடிநிலை வழியாகக் கரையோரமாகப் பொன்னாலை. அங்கிருந்து வட்டுக்கோட்டை வழியாக நகரம். இதுவும் 55, 60 கிலோமீட்டருக்குள் அடங்கும். மாதகலுக்கும் பொன்னாலைக்கும் இடையில் கடல் வலப்பக்கத்தில் கூடவே வரும். தீவகச் சுற்றைவிட இதில் வாகன நெருக்கம் குறைவு என்று நினைத்துவிடாதீர்கள். காங்கேசன்துறை வீதியில் காலை ஏழு மணிக்குப் பிறகு சைக்கிளுக்கு நிம்மதி இல்லை. விடியுமுன் மருதனார்மடம் தாண்டிவிடுங்கள்.

ஆடி அமாவாசையன்று கீரிமலைக்குச் சைக்கிளில் போக வேண்டாம். பிதிர்க்கடன் கழிக்க வரும் கூட்டத்தில் உருட்டிக்கொண்டுதான் நடப்பீர்கள்.

வடமராட்சிக் கரை இன்னும் அழகு என்கிறார்களே?

உண்மை. தொண்டைமானாறு செல்வச்சந்நிதியிலிருந்து வல்வெட்டித்துறை, பொலிகண்டி, பருத்தித்துறை வரை வீதி கடலை ஒட்டியே போகிறது. ஒரு பக்கம் அலை, மறு பக்கம் வீட்டு வாசல். வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி அம்மாள் என்ற பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகம் வரை போய்ச் சேர்ந்தது. அந்தக் கரையில் நின்று அதை நினைத்துப் பார்க்கும்போது நம்முடைய ஐம்பது கிலோமீட்டர் கொஞ்சம் வெட்கப்படும். பருத்தித்துறை தாண்டினால் வல்லிபுர ஆழ்வார் கோயில், அதற்கப்பால் மணற்காடு. மணல் மேடுகளுக்கிடையே பழைய அந்தோனியார் தேவாலயத்தின் சுவர்கள் புதைந்து நிற்கின்றன. அங்கே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகத்தான் முடியும், மெல்லிய சக்கரம் மணலில் இறங்கிவிடும்.

சிக்கல் தூரத்தில் இருக்கிறது. நகரிலிருந்து அச்சுவேலி வழியாகத் தொண்டைமானாறு போய், பருத்தித்துறை தொட்டு, நெல்லியடி வழியாகத் திரும்பினாலே 70 கிலோமீட்டரை நெருங்கும். மணற்காட்டையும் சேர்த்தால் நடுத்தரப் பயணம் என்ற சொல்லுக்குப் பொருள் இல்லை. நெல்லியடியிலோ அச்சுவேலியிலோ உறவினர் வீடு இருந்தால் முதல் நாள் மாலை அங்கே போய்த் தங்குங்கள். அப்போது அது காலை வேளைக்குள் முடியும் இனிமையான சுற்று. பருத்தித்துறை வடையை மறக்க வேண்டாம்: தட்டையாக, மொறுமொறுப்பாக, சைக்கிள் பையில் நாள் முழுக்கக் கெடாமல் இருக்கும். வழிச்சாப்பாட்டுக்கென்றே பிறந்த பண்டம்.

காங்கேசன்துறையிலிருந்து பலாலிப் பக்கமாகக் கரையோரமே தொண்டைமானாறு வரை ஓடலாமா என்றும் கேட்கிறார்கள். அந்தப் பகுதியில் இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்திலிருந்து கட்டம் கட்டமாகத்தான் நிலம் விடுபட்டு வருகிறது. எந்த வீதி எந்த நேரத்துக்குத் திறந்திருக்கிறது என்று ஊரவரிடம் அன்றைக்குக் கேட்காமல் அதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

நயினாதீவையும் அதே நாளில் பார்க்க முடியுமா?

முடியாது என்று வைத்துக்கொள்ளுங்கள். நயினாதீவுப் படகு ஏறும் குறிகட்டுவான் துறைக்கு வங்களாவடிச் சந்தியில் திரும்பி, புங்குடுதீவுப் பாலம் கடந்து போக வேண்டும். போய்வரவே முழுநாள் மிதிப்பு. நாகபூஷணி அம்மனை அவசரத்தில் கும்பிடுவதைவிட இன்னொரு நாள் பஸ்ஸில் போய் ஆறுதலாகக் கும்பிடலாம்.

கியர் இல்லாத பழைய சைக்கிள் போதுமா?

தாராளமாக. மேடு இல்லாத ஊரில் கியர் எதற்கு என்று கேட்கும் பெரியவர்கள் பாதி சரி. எதிர்க்காற்று நாளில் மட்டும் இலேசான கியர் இருந்தால் முழங்கால் நன்றி சொல்லும். எரிபொருள் தடை இருந்த போர்க்காலத்தில் இந்தக் குடாநாடு முழுவதையும் சுமந்தவை இப்படியான சைக்கிள்கள்தான். 2022இல் பெற்றோல் வரிசைகள் நீண்டபோது மூலையில் கிடந்தவை மறுபடியும் வீதிக்கு வந்தன. ஆகவே வண்டி பழையதா என்பதை விட்டுவிட்டு வேறு மூன்றைப் பாருங்கள்: பிறேக் இரண்டும் பிடிக்கிறதா, ரயர் வெடித்திருக்கிறதா, இருக்கையின் உயரம் சரியா. மிதி அடியில் இருக்கும்போது கால் ஏறத்தாழ நேராக நீள வேண்டும். நம் ஊரில் பெரும்பாலோர் இருக்கையைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு முழங்கால் வலிக்கிறது என்கிறார்கள்.

வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு நகரில் சில தங்குவிடுதிகள் சைக்கிள் வாடகைக்குக் கொடுக்கின்றன. எடுக்குமுன் விடுதியைச் சுற்றி ஒருமுறை ஓடிப் பாருங்கள்.

எத்தனை மணிக்குப் புறப்பட வேண்டும்?

ஐந்தரைக்கு. விடியும்போது நகரத்தின் நெரிசலைத் தாண்டியிருக்க வேண்டும். காலையில் பண்ணை வழியாகப் போகிறவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு: களங்கட்டி வலைகளில் மீன் எடுக்கும் தொழிலாளர்களை அந்த நேரத்தில்தான் பார்க்கலாம். கடலுக்குள் தடிகள் நட்டு வேலிபோல் வளைத்துக் கட்டியிருப்பது அதுதான். பதினொரு மணிக்கு எங்கே இருந்தாலும் நிழலுக்கு ஒதுங்கி, மூன்று மணி வரை அசையாதீர்கள். அந்த நான்கு மணி நேரத்தைக் கசூரினாவுக்கு ஒதுக்கினால் திட்டம் தானாக அமையும்: அலை குறைந்த ஆழமற்ற கடல், சவுக்கு நிழல், சாப்பாடு, ஒரு குட்டித் தூக்கம். மூன்றரைக்குப் பிறகு கோவளம் வெளிச்சவீட்டைப் பார்த்துவிட்டுப் புறப்படலாம். சோளக காலத்தில் கசூரினாவுக்குக் காலையிலேயே போய்விடுவீர்கள். பாதையின் கடைசி நேரத்தைக் கேட்டுவைத்து, அதற்கு ஒரு மணி நேரம் முன்பே துறைக்கு வாருங்கள்.

தண்ணீரும் சாப்பாடும் வழியில் கிடைக்குமா?

கடைகள் இருக்கின்றன, ஆனால் நகரத்தைப்போல் நூறு அடிக்கு ஒன்று அல்ல. அல்லைப்பிட்டி தாண்டியதும் இடைவெளிகள் நீளும். தீவகத்தில் பல கிணறுகள் உவர்; அங்குள்ளவர்களே நல்ல தண்ணீருக்குத் தூரம் போகிறார்கள். கிணற்றடியில் நிறுத்திக் குடித்துக்கொள்ளலாம் என்ற நினைப்பை நகரைச் சூழ்ந்த வலிகாமத்தோடு விட்டுவிடுங்கள். ஆளுக்கு இரண்டு லீற்றர் நகரிலிருந்தே கொண்டுபோய், வேலணை, ஊர்காவற்றுறை, காரைநகர் ஆகிய இடங்களில் நிரப்பிக்கொள்ளுங்கள்.

வெறும் தண்ணீர் மட்டும் குடித்துக்கொண்டு வெயிலில் மிதித்தால் தலை சுற்றும், வியர்வையோடு உப்பும் போகிறது. உப்புப் போட்ட மோர், இளநீர், ஒரு துண்டு பனங்கட்டி, நாலு இதரை வாழைப்பழம்: இதற்கு மேல் எந்த விலையுயர்ந்த பானமும் வேண்டாம். காலையில் புட்டை வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ஏறாதீர்கள். இரண்டு இடியப்பம் அதிகமாக இருந்தாலும் பரவாயில்லை, புட்டு மிதிக்க விடாது. இது என் அனுபவம், மறுப்பவர்கள் வடமராட்சியில் இருப்பார்கள்.

வழியில் காற்றுப் போனால்?

வேலணையிலும் ஊர்காவற்றுறையிலும் சங்கானையிலும் ஒட்டுப்போடும் கடை தேடிக்கொள்ளலாம், ஞாயிற்றுக்கிழமை பூட்டியிருக்கக்கூடும். ஆகவே ஒரு மாற்று ரியூப், ரயர் கழற்றும் கம்பி, சிறிய பம் மூன்றும் கூட்டத்தில் ஒருவரிடமாவது இருக்கட்டும். தீவகத்தில் உடைமுள்தான் பெரிய எதிரி. நிழல் என்று வீதியோர உடைமரத்தடியில் சைக்கிளை உருட்டிக்கொண்டு போகாதீர்கள், சைக்கிளைத் தாரிலேயே விட்டுவிட்டு நீங்கள் மட்டும் போய் உட்காருங்கள்.

பிள்ளைகளையும் வயதானவர்களையும் கூட்டிப்போகலாமா? பெண்கள் தனியாகப் போகலாமா?

பன்னிரண்டு வயதுக்கு மேல், தினமும் பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளில் போகும் பிள்ளை என்றால் அது உங்களையே முந்தும். சிறியவர்களோடு போனால் மண்கும்பான், சாட்டி வரை போய்த் திரும்புங்கள். அறுபது தாண்டிய அப்பா காலமெல்லாம் சைக்கிளில் திரிந்தவராக இருக்கலாம். அவருக்குத் தடையாக இருக்கப்போவது கால்கள் அல்ல, நடுப்பகல் வெயில். நெஞ்சுவலி, இரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டு வரட்டும்.

பெண்கள் சைக்கிளில் போவது யாழ்ப்பாணத்தில் யாரும் திரும்பிப் பார்க்கும் காட்சி அல்ல. ஆனாலும் ஆளில்லாத வெளிகளை இருவராகவோ மூவராகவோ கடப்பது யாருக்கும் நல்லது. விழுந்தாலும் உதவிக்கு ஒருவர் வேண்டுமே. அவசரத்துக்கு 1990 என்ற இலக்கம் இலவச அம்புலன்சுக்கு. எல்லோருடைய தொலைபேசியிலும் அது இருக்க வேண்டும்.

வீதியில் எதற்குப் பயப்பட வேண்டும்?

முந்துவதற்காக ஒன்றையொன்று துரத்தும் தனியார் பஸ்களுக்கு. பின்னால் நீண்ட கோர்ன் கேட்டால் உரிமை பேசாமல் இடப்பக்கம் ஒதுங்குங்கள். அடுத்தது கட்டாக்காலி மாடுகள். வேலணைப் பக்கத்தில் வீதி நடுவே படுத்திருக்கும், எழும்பும் எண்ணம் அவற்றுக்கு இல்லை. பாலங்களில் பக்கக்காற்று திடீரென்று உதைக்கும், இருவர் அருகருகே ஓடாமல் ஒருவர் பின் ஒருவராகப் போங்கள்.

மண்டைதீவிலும் காரைநகரிலும் கடற்படை முகாம்கள் உண்டு. முகாமையும் காவலரணையும் படம் எடுக்காதீர்கள். அடையாள அட்டை கையில் இருக்கட்டும்.

கோயிலுக்குள் போகும் எண்ணமும் இருக்கிறது. உடை?

இறுகிய சைக்கிள் உடையோடு காரைநகர் ஈழத்துச் சிதம்பரத்திலோ பொன்னாலை வரதராசப் பெருமாள் கோயிலிலோ நுழைந்தால் குருக்கள் ஒன்றும் சொல்லாமல் பார்ப்பார்; அந்தப் பார்வை போதும். ஒரு வேட்டியோ சேலையோ பையில் மடித்து வைப்பது பாரமா? திருவெம்பாவைக் காலத்தில் காரைநகரில் கூட்டம் இருக்கும், சைக்கிளைப் பூட்ட மறக்க வேண்டாம்.

திரும்பும்போது கல்லுண்டாய் வழியாக வரலாமா?

காற்றில்லாத மாலையில் வரலாம். அராலியில் வழுக்கையாறு கடலோடு சேரும் இடத்தைப் பார்க்கலாம். மழைக்காலத்தில் மட்டும் ஓடும் ஆறு என்றாலும் குடாநாட்டில் நமக்கு வாய்த்தது அது ஒன்றுதான். அதன்பின் வெளி திறந்து கிடக்கும், வானம் அகலமாகத் தெரியும். குப்பை கொட்டும் இடத்தை நெருங்கும்போது மூக்கைப் பொத்திக்கொள்ளுங்கள். இருட்டிவிட்டால் இந்த வழியே வேண்டாம், மானிப்பாய் வீதியால் வாருங்கள்; விளக்கும் கடையும் ஆட்களும் இருப்பார்கள்.

வீட்டுக்கு வந்ததும் சைக்கிளுக்கு ஏதாவது செய்ய வேண்டுமா?

குளிக்கப் போகுமுன் அதைக் கழுவுங்கள். பாலங்களிலும் பாதைப் படகிலும் படிந்த உப்பு கண்ணுக்குத் தெரியாது, ஒரே இரவில் சங்கிலியில் துரு பிடிக்கத் தொடங்கும். நல்ல தண்ணீர் ஊற்றி, பழந்துணியால் துடைத்து, சங்கிலிக்கும் பிறேக் கம்பிகளுக்கும் இரண்டு சொட்டு எண்ணெய் விடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், மண்ணை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். தையல் மெஷினுக்கு விடும் எண்ணெய் போதும்.